சுவரோவியம் கெட்டால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கேன்வாஸ் நம் கைக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு ஒரே சீராகப் படிந்திருக்கும். எந்த மூலையைத் தொட்டாலும் ஒரே அளவு ஈரத்தைத்தான் உறிஞ்சும். சுவருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஒரு பக்கம் பழைய எமல்ஷன், நடுவில் புதிதாகப் போட்ட சிமென்ட் ஒட்டு, அடியில் ஓதம், மேலே வெயில் என்று ஒரே சுவரில் நான்கு விதப் பரப்புகள் இருக்கும். பின்னாலிருந்து நீர் வரும், உப்பு வரும், சிமென்டின் காரம் (அல்கலி) வரும். ஆகவே சுவரோவியத்தில் ஏதாவது கெட்டால் முதலில் சுவரைச் சந்தேகப்படுங்கள், அடுத்து வண்ணத்தை, கடைசியாகக் கையை. கேன்வாஸில் இந்த வரிசை தலைகீழ்.

எந்தப் பழுதானாலும் தொடக்கம் ஒன்றுதான். உதிர்ந்த ஒரு பொருக்கை எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். முதுகில் சாந்துத் துகள் ஒட்டியிருந்தால் சுவர்ப்பூச்சே வலுவிழந்துவிட்டது. மாவு போன்ற பொடி இருந்தால் அடியிலிருந்த பழைய சுண்ணாம்போ வண்ணமோ பொடிந்திருக்கிறது. முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்தால் இரண்டு பூச்சுகளுக்கு இடையே பிடிப்பு இல்லை. வெள்ளைப் படிகங்கள் மின்னினால் உப்பு. இதைப் பார்க்காமல் மேலே இன்னொரு கை பூசுவது பழுதை மூடுமே தவிர நீக்காது.

## வண்ணம் பொருக்குப் பொருக்காக உரிகிறது

பழுது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக இருப்பதுபோல் தெரியும் இடத்தில் கூரான பிளேடால் 4 செ.மீ. நீளத்தில் ஒரு பெருக்கல் குறி கீறுங்கள். கீறல் சுவர்வரை போக வேண்டும். அதன்மேல் பசை வலுவான டேப்பை அழுத்தி ஒட்டி, மடக்கி, ஒரே வீச்சில் இழுங்கள். கீறலின் ஓரத்தில் மட்டும் சிறிது வந்தால் அந்த இடம் தாங்கும். பெருக்கல் குறியின் கைகளுக்கு இடையே உள்ள பகுதி பெயர்ந்து வந்தால் அந்த இடத்தையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். மேலே, நடுவே, தரையருகே என்று குறைந்தது மூன்று உயரங்களில் இதைச் செய்யுங்கள். ஒரே சுவரில் மூன்று விடை வருவது சகஜம்.

அடுத்து, சுரண்டிய இடத்தில் விரலால் ஒரு சொட்டு நீர் வையுங்கள். சொட்டு முத்தாக நின்றால் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கோ, கான்கிரீட் வார்க்கும் அச்சுப்பலகைக்குத் தடவிய எண்ணெயோ, நீர் விலக்கும் ரசாயனமோ இருக்கிறது. எந்த அக்ரிலிக் வண்ணமும் அதன்மேல் நிற்காது. சோப்புத்தூள் கரைசலால் தேய்த்துக் கழுவி, பிறகு உப்புத்தாளால் உரசி, மறுபடி சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். சொட்டு விழுந்த கணமே மறைந்தால் சுவர் அளவுக்கு மீறித் தாகமாக இருக்கிறது. அப்படிப்பட்ட சுவர், வண்ணம் படலமாக இறுகுவதற்கு முன்பே அதிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நிறமி மேலே பொடியாகத் தங்கும், தூரிகை இழுபடும், பார்க்கத் திட்டுத் திட்டாக இருக்கும். ஊடுருவிப் பிணைக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை போட்டு, காய்ந்தபின் மறுபடி சொட்டுச் சோதனை செய்யுங்கள். சொட்டு பரவி, மெதுவாக உள்ளே இறங்குவதுதான் சரியான நிலை.

பழைய வண்ணத்தின்மேல் தீட்டுவதாக இருந்தால் கறுப்புத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி வெளுத்தால் பரப்பு பொடிகிறது. கழுவி, உலரவிட்டு, பிணைப்பு பிரைமர் போட்டால் எமல்ஷன் சுவர் தேறிவிடும். சுண்ணாம்பும் வெள்ளைச் சிமென்ட் பூச்சும் அப்படித் தேறாது. சுண்ணாம்புக்கு மேல் போட்ட அக்ரிலிக் காயும்போது சுருங்கி, அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கைத் தன்னோடு பெயர்த்துக்கொண்டு வரும். அதை முழுக்கச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பளபளக்கும் எனாமல் சுவரை 120 எண் உப்புத்தாளால் மினுக்கு போகும்வரை தேய்த்துவிட்டு, ஒட்டும் திறன் கூடிய பிரைமர் போட வேண்டும்.

சுவரை வேறு பரப்பாக நினைத்துத் தீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மிலான் நகரில் லியொனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரை தீட்டிய 'கடைசி இராவுணவு' போதும். ஈரச் சாந்தில் தீட்டும் முறையை விட்டு, மரப்பலகைக்குச் செய்வதுபோல் உலர்ந்த பூச்சின்மேல் எண்ணெயும் டெம்பெராவும் (முட்டைக் கருவில் குழைத்த வண்ணம்) கொண்டு வேலை செய்தார். நிதானமாகத் திருத்தித் திருத்தித் தீட்ட அது வசதியாக இருந்தது. ஆனால் சுவரின் ஈரத்தைத் தாங்காமல், அவர் உயிரோடு இருந்தபோதே ஓவியம் உதிரத் தொடங்கியது. கடைசியாக நடந்த பெரிய சீரமைப்பு 1978 முதல் 1999 வரை நீண்டது.

## சுவரில் வெள்ளையாகப் பூக்கிறது

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் உப்பு அல்ல. கொஞ்சம் சுரண்டி ஒரு கண்ணாடிக் குவளை நீரில் போடுங்கள். கரைந்துவிட்டால் உப்பு. கரையாமல், வினிகர் விட்டதும் நுரைத்தால் அது சுவரிலிருந்து கசிந்து காற்றுபட்டு இறுகிய சுண்ணாம்பு. இரண்டும் இல்லாமல் சாம்பலாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் இருந்தால் பூஞ்சை. சுவரில் அந்த இடத்தில் ஒரு சொட்டு பிளீச் வைத்தால் நிறம் மறையும். வினிகர் தொட்ட இடத்தில் பிளீச்சை வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

உப்பு என்றால் உள்ளே நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுவருக்குள் இருக்கும் உப்பை நீர் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்புக்கு வந்து ஆவியாகிறது; உப்பு அங்கேயே படிகமாகத் தங்குகிறது. வண்ணப் படலத்துக்கு அடியில் அது படிகமானால் படலத்தைத் தள்ளிப் பெயர்க்கிறது. நீரால் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். ஆகவே உலர்ந்த விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளை உடனே கூட்டி அகற்றுங்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். திரும்பப் பூத்தால் மறுபடி உலர்வாகத் தேய்க்க வேண்டும். பூப்பது நிற்கும்வரை பிரைமரைத் திறக்காதீர்கள்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கறையின் வடிவம் காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து ஏறி, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அலையலையான மேல் விளிம்போடு நின்றால் அது நிலத்து ஓதம். மேலிருந்து நாக்கு நாக்காக இறங்கினால் கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியோ கூரை விளிம்போ கசிகிறது. நடுச்சுவரில் தனித் திட்டாக நின்றால் உள்ளே குழாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஜன்னலின் இரு கீழ்மூலைகளிலிருந்து தொடங்கினால் அதன் அடிப்பலகையில் நீர் சொட்டுவதற்கான விளிம்பு இல்லை.

சந்தேகம் இருந்தால் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, நேர் வெயில் படாத இடத்தில் குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ அடியில் சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நீர்த்துளி இருந்தால் அது காற்றின் ஈரம்.

நீர் புகாத வண்ணத்தை மேலே பூசி ஓதத்தை அடக்கிவிடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. வழி அடைபட்ட நீர் இன்னும் மேலே ஏறி, ஓவியத்தின் நடுப்பகுதியில் வெளிவரும். நிலத்து ஓதத்தை நிறுத்த முடியாத சுவரில் ஓவியத்தின் கீழ் விளிம்பை ஒரு மீட்டருக்கு மேலே வைத்துக்கொள்வதே அறிவு. வண்ணம் எதுவும் படாத புதுச் சாந்தாகவோ கல்லாகவோ இருந்தால் பொட்டாசியம் சிலிக்கேட் வண்ணத்தையும் யோசிக்கலாம். அடால்ஃப் வில்ஹெல்ம் கெய்ம் 1878-இல் காப்புரிமை பெற்ற முறை இது. படலமாக மேலே நிற்காமல் கனிமப் பரப்போடு வேதிமுறையில் பிணைவதால் நீராவி தடையின்றி வெளியேறும். பழைய அக்ரிலிக்கின்மேல் நேரடியாக இது பிடிக்காது; காரம் தாங்கும் நிறமிகள் மட்டுமே கிடைப்பதால் வண்ணத்தட்டு குறுகலாகத்தான் இருக்கும்.

## கொப்புளம்

ஒரு கொப்புளத்தைக் கீறித் திறந்து பாருங்கள். உள்ளே சுவர் தெரிந்தால் ஈரம் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனைக்குப் போங்கள். உள்ளே முந்தைய வண்ணம் தெரிந்தால் சுடு சுவரில் பூசியிருக்கிறீர்கள்: மேற்பரப்பு நிமிடங்களில் தோல் கட்ட, அடியில் சிக்கிய நீர் ஆவியாகி அதை ஊதிவிட்டது. உள்ளங்கையை நிம்மதியாக வைக்க முடியாத சுவரில் தூரிகை வைக்கக் கூடாது. கிழக்குச் சுவருக்குப் பிற்பகல், மேற்குச் சுவருக்குக் காலை என்று நிழலைத் துரத்தி வேலை செய்யுங்கள். குளிரிலும் எல்லை உண்டு. ஏறக்குறைய 10° செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலான அக்ரிலிக்குகள் சரியான படலமாக இணைவதில்லை. காய்ந்ததுபோல் இருக்கும், தேய்த்தால் பொடியும். மாலைப் பனி விழுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவதும் இதற்காகத்தான்.

## புதுச் சுவரில் நிறம் வெந்துபோனதுபோல் திட்டுத் திட்டாக வெளுக்கிறது

இது காரத்தின் வேலை. புதுச் சிமென்ட் சாந்தின் காரத்தன்மை பிஎச் 12 முதல் 13 வரை இருக்கும். எண்ணெய் வண்ணத்தை அது சோப்பாக மாற்றிவிடும். பரப்பு பிசுபிசுத்து இளகும். அக்ரிலிக் வண்ணத்தில் நிறமியைப் பிணைக்கும் பசை தாங்கினாலும் சில நிறமிகள் தாங்காது. பிரஷ்யன் நீலம் காரத்தில் சிதைந்து பழுப்பேறும். கேன்வாஸில் பல்லாண்டு நின்ற அதே நீலம் புதுச் சுவரில் சில வாரங்களில் போய்விடும். வண்ணக் குழாயையோ தயாரிப்பாளரையோ குறை சொல்லிப் பயனில்லை.

சாந்து பூசி 28 நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. மழைக்காலத்திலும் தடித்த பூச்சிலும் கூடுதலாகும். நாள்காட்டியை நம்பாமல் சோதியுங்கள். காய்ச்சி வடித்த நீரால் ஒரு சிறு இடத்தை நனைத்து, பிஎச் தாளை அழுத்தி ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். 10-க்கு மேல் காட்டினால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவே முடியாது என்றால் காரம் தாங்கும் பிரைமர் இரண்டு கை போட்டு, காரம் பாதிக்காத நிறமிகளை மட்டும் பயன்படுத்துங்கள்: இரும்பு ஆக்ஸைடுகள், தாலோ நீலமும் பச்சையும், குரோமியம் ஆக்ஸைடு பச்சை, டைட்டானியம் வெள்ளை. பெரிய சுவரில் பழைய பூச்சுக்கு இடையே புதிதாக ஒட்டுப்போட்ட இடங்கள் இருந்தால் அவற்றைத் தனியாகச் சோதியுங்கள். நிறம் வெளுத்த திட்டுகள் பெரும்பாலும் கொத்தனார் ஒட்டுப்போட்ட அதே வடிவத்தில் இருக்கும்.

ஏற்கெனவே வெந்துவிட்டதென்றால் அந்த வண்ணத்தைச் சுரண்டி, சுவர் ஆறும்வரை விட்டு, காரம் தாங்கும் பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

## நேற்றுக் கலந்த நிறமும் இன்று கலந்ததும் ஒட்டவில்லை

கேன்வாஸில் ஒரு நிறத்தைத் தட்டில் கலந்து தீர்த்துவிடுகிறோம். சுவரில் அது நடக்காது. பெருக்கத்தின் கணக்கு மனதில் பதிவதில்லை. 60 × 90 செ.மீ. கேன்வாஸை 3.6 × 5.4 மீட்டர் சுவருக்குக் கொண்டுபோனால் நீளத்தில் 6 மடங்குதான், பரப்பில் 36 மடங்கு: 19.44 சதுர மீட்டர். வழவழப்பான, பிரைமர் போட்ட சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கைக்குச் சுமார் 8 முதல் 10 சதுர மீட்டர் போகும். சொரசொரப்பான சாந்தில் அதில் பாதிதான். வழவழப்பான சுவருக்கே இரண்டு கைக்குக் கிட்டத்தட்ட 5 லிட்டர் வேண்டும். அதில் வானம் மூன்றில் ஒரு பங்கு என்றால் அந்த ஒரு நீலம் மட்டும் 1.7 லிட்டர். ஆகவே:

– பெரிய பரப்புக்குரிய ஒவ்வொரு நிறத்தையும் முழு அளவும் ஒரே வாளியில் ஒரே தடவையில் கலந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கிய நிறமானாலும் எல்லா டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்குங்கள்.
– கலவையை எடையில் எழுதிவையுங்கள். கண்ணளவு மறுநாள் உதவாது.
– ஒவ்வொரு முக்கிய நிறத்திலும் கால் லிட்டர் காற்றுப் புகாத டப்பாவில் சீட்டு ஒட்டி எடுத்துவையுங்கள். பழுது பார்க்கும் நாளில் அதன் அருமை தெரியும்.

நிறத்தை ஒப்பிடும்போது ஈரமான வண்ணத்தைக் காய்ந்த சுவரோடு ஒப்பிடாதீர்கள். அக்ரிலிக் பசை ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளியும். அதனால் நிறம் ஒரு படி கறுக்கும். ஒரு அட்டையில் தடவி, முடி உலர்த்தியால் காயவைத்து, அட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள்.

கலவை ஒன்றாகவே இருந்தும் பட்டை பட்டையாகத் தெரிந்தால், காய்ந்த விளிம்பின்மேல் ஈர விளிம்பு ஏறியிருக்கிறது. சமதளப் பரப்பை நடுவில் நிறுத்தாதீர்கள். ஓவியத்தில் இருக்கும் ஒரு கோட்டிலோ நிற எல்லையிலோ நிறுத்துங்கள். ஓரத்தைத் தூரிகையாலும் நடுவை ரோலராலும் போட்டால் அமைப்பு வேறுபட்டு, வெயில் சாயும் நேரத்தில் சட்டம் போட்டதுபோல் தெரியும். ஓரம் காய்வதற்குள் ரோலரை முடிந்தவரை அருகே கொண்டுபோவதே மருந்து.

## வண்ணம் வழிகிறது, குழைவு வரவில்லை

கேன்வாஸைப் படுக்கப் போடலாம், திருப்பலாம். சுவர் நின்றபடியே இருக்கும். நீர் விட்டு இளக்கிய வண்ணம் கீழே வழிவதோடு, பசையும் நீர்த்துப்போய் காய்ந்தபின் கையோடு வரும். வண்ணத்தில் கால் பங்குக்கு மேல் நீர் சேர்க்க வேண்டிய மெல்லிய பூச்சுக்கு நீருக்குப் பதிலாக நிறமற்ற அக்ரிலிக் மீடியம் சேர்த்து இளக்குங்கள். நிறம் மெலியும், பசை குறையாது, வழிவதும் குறையும்.

ஈரத்தின்மேல் ஈரமாகக் குழைக்கும் கேன்வாஸ் பழக்கம் இரண்டு மீட்டர் அகல வானத்தில் பலிக்காது. மறு ஓரத்துக்குப் போவதற்குள் இந்த ஓரம் காய்ந்திருக்கும். இரு முனை நிறங்களுக்கு இடையே ஐந்து முதல் ஏழு படிகளை முன்கூட்டியே தனித்தனி டப்பாக்களில் கலந்துவைத்து, அடுத்தடுத்த இரண்டு படிகளின் எல்லையை மட்டும் ஈரத்தில் இழுத்து இணையுங்கள். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து செய்தால் இன்னும் நன்று. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றினால் பரப்பு நாட்கணக்கில் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும்.

## உருவம் கோணிக்கொண்டது

முதலில் சுவர் செவ்வகம்தானா என்று பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லையென்றால் வரைபடத்தைப் பெரிதாக்கி எடுக்கும் கட்டத்தைச் சுவரின் விளிம்பை நம்பிப் போடக் கூடாது. ரசமட்டத்தால் ஒரு கிடைக்கோடு, தூக்குக்குண்டால் ஒரு செங்குத்துக்கோடு. அவை சந்திக்கும் மூலையில் ஒரு கோட்டில் 3 மீட்டரும் மற்றதில் 4 மீட்டரும் குறித்து, குறுக்கே சரியாக 5 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டம் முழுவதும் இந்த மூலையிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

புரொஜெக்டரில் உருவம் ஒரு பக்கம் அகன்றால் கருவி சுவருக்கு நேராக நிற்கவில்லை. படத்தைப் போடுவதற்கு முன் வெறும் சதுரக் கட்டத்தைப் போட்டு, நான்கு மூலைக் கட்டங்களையும் நாடாவால் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றாக வரும்வரை கருவியைத்தான் நகர்த்த வேண்டும். மின்னணுத் திருத்தம் கோணலை ஓரளவு மறைக்கும், கூர்மையைக் குறைக்கும். இடையில் யாராவது இடித்துவிட்டாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவர வசதியாகச் சுவரில் மூன்று அடையாளப் புள்ளிகளைக் குறித்துவையுங்கள். தள்ளி நிற்க இடமில்லாத சந்துச் சுவருக்கு வேறு வழி: சுவர் முழுக்க ஒழுங்கில்லாத எழுத்துகளையும் சுழிகளையும் வெளிறிய வண்ணத்தில் கிறுக்கி, நேரே நின்று படமெடுத்து, அதன்மேல் வரைபடத்தை, அடியிலுள்ள கிறுக்கலும் தெரியும்படி பொருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கோடு எந்தக் கிறுக்கலைத் தொடுகிறது என்று பார்த்தே வரையலாம். சாரத்தின்மேல் சுவருக்கு மிக அருகே நிற்கும்போது கட்ட எண்களைத் தேடுவதைவிட இது வேகமானது.

கோடு போடும் பொருளிலும் பிழை ஒளிந்திருக்கும். பொடி தோய்த்த நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட நீலப் பொடியைப் பயன்படுத்துங்கள். சிவப்புப் பொடி ஊறி நின்றுவிடும். மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம், அதன் மை எத்தனை கை அக்ரிலிக் போட்டாலும் ஊடுருவி மேலே வரும். மெழுகுக் கோட்டின்மேல் வண்ணம் விலகி ஓடும். மெல்லிய கரிக்கோடோ நீரில் கரையும் பென்சிலோ போதும்.

## கேன்வாஸில் இருந்த உயிர் சுவரில் இல்லை

இதற்குத் தூரம் காரணம். சராசரிக் கண் பிரித்தறியும் கோணம் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டர் தொலைவில் அது 3 மி.மீ.; 30 மீட்டரில் 9 மி.மீ. அதற்குக் குறைந்த கோடு அடுத்த நிறத்தோடு கலந்து மங்கலாகிவிடும். கோடு கோடாகவே தெரிய வேண்டுமென்றால் அந்த அளவைப்போல் மூன்று மடங்காவது அகலம் கொடுங்கள். ஆகவே முதலில் பார்வையாளர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நுணுக்கம் எங்கே தேவை என்பதை அதுதான் தீர்மானிக்கும். மக்கள் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் கேன்வாஸ் அளவு நுணுக்கம் பொருந்தும். ஆறு மீட்டர் உயரத்தில் கண்ணிமை வரைவது வீண் உழைப்பு.

இரண்டாவது, ஒளி-நிழல் வேறுபாடு. கேன்வாஸில் மெல்லிய சாயல் மாற்றங்கள் உருவத்தைத் தாங்கும். வெட்டவெளியில் அவை கரைந்துவிடும். மாதிரி ஓவியத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதில் உருவம் பிரிந்து தெரியாவிட்டால் சுவரிலும் தெரியாது. சாரத்தில் ஏறுவதற்கு முன் திருத்த வேண்டிய பிழை இது, ஏறியபின் திருத்துவது பெரும்பாடு. வேலை நடக்கும்போதும் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். சாரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

## டேப் ஓரத்தில் கசிவு

சொரசொரப்பான பரப்பில் டேப்புக்கு அடியில் சிறு இடுக்குகள் இருக்கும். டேப்பை ஒட்டியதும் அடிநிறத்தையே அதன் ஓரத்தில் ஒருமுறை தடவிக் காயவிடுங்கள். இடுக்குகளை அது அடைத்துவிடும், கசிந்தாலும் தெரியாது. பிறகு புது நிறம். வண்ணம் முற்றாக இறுகுவதற்கு முன் டேப்பைப் பின்னோக்கி மடக்கி மெதுவாக உரியுங்கள். வெயிலில் ஓர் இரவும் பகலும் விட்ட டேப் பசையைச் சுவரிலேயே விட்டுச்செல்லும்.

## மயிரிழை விரிசல்

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, தேதி எழுதிவையுங்கள். சில வாரங்களில் முனை தாண்டிப் போயிருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. புட்டி வைத்தால் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். நிலைத்த விரிசலை ஆங்கில 'வி' வடிவில் சிறிது அகலமாக்கி, தூசி தட்டி, நெகிழ்வுள்ள அக்ரிலிக் நிரப்பியால் அடையுங்கள். சிலிக்கோன் நிரப்பியின்மேல் வண்ணம் ஒட்டாது. ஜிப்சம் புட்டி வெளிச்சுவரில் ஈரம் பட்டு இளகும்.

சுவர் நன்றாக இருந்து வண்ணத்தில் மட்டும் வலைபோல் விரிசல் என்றால், தடிமனாக ஒரே கையில் போட்டிருக்கிறீர்கள், அல்லது அடிப்பூச்சு காய்வதற்குள் மேற்பூச்சு ஏறியிருக்கிறது. உப்புத்தாளால் சமப்படுத்தி மெல்லிய இரண்டு கையாகப் போட வேண்டும்.

## வார்னிஷ் பால்போல் மங்கிவிட்டது

கரும்பரப்பில் மட்டும் சாம்பல் படிந்ததுபோல் இருந்தால் மேட் வார்னிஷில் மினுக்கைக் குறைக்கச் சேர்க்கும் சிலிக்காத் தூள் ஒரே இடத்தில் தடித்திருக்கிறது. டப்பாவின் அடிவரை கிளறாததும், தடிமனாகப் போட்டதும் காரணம். மெல்லிய பளபளப்பு வார்னிஷ் ஒரு கை போட்டால் கருமை ஓரளவு திரும்பும். அதன்மேல் மேட் வேண்டுமானால் ஒரே ஒரு மெல்லிய கை. பரப்பு முழுக்க வெளுத்திருந்தால் ஈரம் சிக்கியிருக்கிறது. ஓவியம் ஓரிரு வாரமாவது காயாமல், அல்லது ஈரக்காற்றில் வார்னிஷ் போட்டதன் விளைவு இது. உலர்ந்த நாட்களில் சில சமயம் தானே தெளியும். மழைக்குப்பின் மட்டும் வெளுத்து, வெயிலில் தெளிந்து, மறுபடி வெளுத்தால் சுவருக்குப் பின்னால் நீர் இருக்கிறது. நீராவி புகாத வார்னிஷை அந்தச் சுவரில் போட்டிருக்கவே கூடாது.

கிறுக்கல் தடுப்புப் பூச்சு இரண்டு வகை. மெழுகு வகையைக் கிறுக்கலோடு சேர்த்து வெந்நீரால் கழுவி எடுத்து, மறுபடி பூச வேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பாலியூரிதேன் நிரந்தரமானது; கிறுக்கலை மட்டும் துடைக்கலாம். ஆனால் அது நீராவியைப் பெரிதும் தடுக்கும். ஓதச் சுவருக்கு முதல் வகையே பொருந்தும்.

## ஓராண்டுக்குள் சிவப்பும் மஞ்சளும் காணவில்லை

அறைக்குள் இருக்கும் கேன்வாஸுக்குப் போதுமான நிறமி வெயிலுக்குப் போதாது. குழாயிலோ டப்பாவிலோ அச்சிட்டிருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், எந்த நிறமி என்று காட்டும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். அலிசரின் கிரிம்சனும் ஒளிரும் ஃப்ளோரசென்ட் வண்ணங்களும் வெளிச்சுவரில் விரைவில் போய்விடும். சிவப்புக்கு இரும்பு ஆக்ஸைடு, இளஞ்சிவப்புக்கும் மெஜெந்தாவுக்கும் குயினாக்ரிடோன், மஞ்சளுக்கு பிஸ்மத் வனடேட் அல்லது மஞ்சள் இரும்பு ஆக்ஸைடு, நீலத்துக்குத் தாலோ. வெள்ளை கலந்து வெளிறச் செய்யும்போது பல கரிம நிறமிகளின் ஒளித்தாங்கும் திறன் குறைந்துவிடும். முழுச் செறிவில் நிற்கும் நிறம் இளஞ்சாயலில் நிற்காமல் போகலாம். ஐயம் இருந்தால் அட்டையில் தடவி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கோ மேற்கோ பார்த்த ஜன்னலில் இரண்டு மாதம் வைத்துப் பாருங்கள்.

## சுவரில் பழகியபின் கேன்வாஸில் வரும் கோளாறுகள்

எமல்ஷன் மிச்சத்தைக் கேன்வாஸில் போட்டால் சுருட்டும்போது வெடிக்கும். சுவர் எமல்ஷனில், குறிப்பாக மேட் வகையில், நிரப்புத் தூள் அதிகம், பசை குறைவு. அசையாத சுவருக்கு அது போதும், அசையும் துணிக்குப் போதாது. புட்டியும் அப்படியே. துணியில் மேடு வேண்டுமென்றால் அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட்டோ ஜெல்லோ பயன்படுத்துங்கள்.

பெரிய ஓவியத்தை அறைக்குள் நெய்யாத பாலியஸ்டர் துணியில் தீட்டி, அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டும் முறை இரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் நடுவே குமிழ் எழுந்தால் ஜெல் சுவரில் மட்டும் தடவப்பட்டிருக்கிறது. துணியின் முதுகிலும் சுவரிலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் பட்டையால் காற்றைத் தள்ள வேண்டும். ஏற்கெனவே காய்ந்த குமிழைப் பிளேடால் சிறிது கீறி, ஊசிக்குழாயால் ஜெல் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து அழுத்துங்கள். ஓரம் தூக்கினால் அங்கே சுவர் பொடிகிறது. துணியை விலக்கி, பொடியைத் துடைத்து, பிணைப்பு பிரைமர் போட்டுக் காயவைத்து மறுபடி ஒட்டுங்கள். ஒட்டிய துணியின் விளிம்பு முழுவதையும் ஜெல்லாலேயே மூடிவிட வேண்டும், மழைநீர் புகுவது அந்த விளிம்பு வழியாகத்தான்.